வெர்லினின் ஓட்டு

வெர்லினுக்குப் பேனாவைப் பிடிக்க விரல்கள் இடம் கொடுக்கவில்லை. மனைவி ஆர்டிஸ் அவர் மணிக்கட்டுக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினாள். தபாலில் வந்த வாக்குச்சீட்டு, படுக்கைமேல் வைத்த தட்டில் விரிந்து கிடந்தது. மூலையில் ஆக்சிஜன் மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"எந்த வட்டம்னு சொல்லு."

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா உன் வாயால சொல்லணும். நான் கை குடுக்கிறவ மட்டும்தான்."

"மாட்டு டாக்டருக்கு."

இரண்டு பெயர்கள். மேலே ஹால்வர்சன், வாஷிங்டன் சபையில் இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொகுதிக்காக உட்கார்ந்திருப்பவர். கீழே கிரெட்சன் பாவ்லக், இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் பாதிக் கன்றுகளைத் தன் கையால் வெளியே இழுத்துப் போட்டவள். வெர்லினின் கண்களுக்கு இரண்டு வரிகளும் ஒரே கறுப்புப் புகையாகத்தான் தெரியும். கையை ஒரு விரற்கடை மேலே தள்ளினால் அவர் அறியப் போவதில்லை. அந்த நினைப்பு ஆர்டிஸுக்கு வரத்தான் செய்தது. வந்த நினைப்பை அவள் விரட்டவும் இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கீழ் வட்டத்தை நிரப்பினாள். உறையில் சாட்சியாகவும் உதவியாளராகவும் கையெழுத்துப் போட்டாள்.

கல்யாணமான வருடத்திலிருந்து அவர்கள் ஓட்டு இப்படித்தான். அவள் ஒரு பக்கம், அவர் மறுபக்கம். நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை காலையில், மாடுகளுக்குப் பால் கறந்து முடித்த கையோடு, "வா, போய் ஒருத்தரை ஒருத்தர் அழிச்சிட்டு வரலாம்" என்பார். ஒரே வண்டியில் போவார்கள், ஒரே வண்டியில் வருவார்கள். டெரிக் சாகும்வரை அது வேடிக்கையாக இருந்தது.

டெரிக் அவர்களுடைய ஒரே மகன். ஈராக்கில் சிப்பாயாக இருந்தவன், ஒரு சாலையோரக் குண்டில் போனான். சவப்பெட்டி வந்து இறங்கிய வாரம் ஹால்வர்சன் வீட்டுக்கு வந்தார். பத்திரிகைக்காரர் யாரும் கூட வரவில்லை. சமையலறை மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தவர், ஜன்னலில் வெளிச்சம் குறைந்து போகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்கள் எல்லோரும் பேசிப் பேசி அவளைக் கொன்றிருந்தார்கள். போகும்போது, குடித்த காபிக் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அந்த ஒரு சாயங்காலத்துக்காக ஆர்டிஸ் அதன்பின் ஒவ்வொரு தேர்தலிலும் அவருக்காக வீடு வீடாகக் கதவு தட்டினாள்.

அன்று ஹால்வர்சன் இருந்த நேரம் முழுக்க வெர்லின் தொழுவத்தில் இருந்தார். வெளியே வரவேயில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "போருக்குக் கையைத் தூக்கினவன் அவன். அதே கையால கோப்பையைக் கழுவிட்டா ஆச்சா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். இருவரும் அதைப்பற்றி மறுபடி பேசவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுச்சீட்டில் மட்டும் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் ஹால்வர்சன் ஆயிரக்கணக்கில் ஜெயித்தார். வெர்லின் போட்டது கிணற்றில் விழுந்த கூழாங்கல்.

இந்த வருடம்தான் நிலைமை வேறு. இருவரும் சரிசமம் என்று ரேடியோவில் தினம் சொன்னார்கள்.

உறையை ஒட்டி மூடியதும் வெர்லின் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இந்தத் தடவை என்னுது கணக்குல வரணும், ஆர்டிஸ்."

"வரும்."

"ஹால்வர்சன் மேல இருக்கிற கோபத்துக்காக இல்ல. நம்ம பையனுக்காக."

"வரும்னு சொல்றேன்ல, கிழவா. தூங்கு."

சொல்லும்போதே அவளுக்கு அந்த விதி ஞாபகம் இருந்தது. ஆறேழு தேர்தல்களில் ஊர் மன்றத்தில் வாக்குச்சாவடி வேலை பார்த்தவள் அவள். தபாலில் ஓட்டுப் போட்டவர் தேர்தல் நாளுக்கு முன் இறந்துபோனால், அந்த ஓட்டும் செத்ததுதான். உறையைப் பிரிக்காமலேயே ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.

தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை விடியும் நேரத்தில் வெர்லின் போய்விட்டார்.

மெஷினை அவளே அணைத்தாள். நர்ஸ் வந்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். சவ அடக்கம் செய்யும் மைலோ பின்பக்க மண்சாலை வழியாக வண்டியைக் கொண்டுவந்தான்.

"பேப்பருக்கு இன்னைக்கே மரண அறிவிப்பு எழுதி அனுப்பிடட்டுமா?"

"வேண்டாம். புதன்கிழமைவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது."

"பாஸ்டருக்குமா?"

"யாருக்கும்."

மைலோ அவளை ஒரு கணம் பார்த்தான். டெரிக்கை அடக்கம் செய்தது அவன் அப்பா. "என் தொழில்ல வாயாடினா யாரு கூப்பிடுவா?" என்றான். வெர்லினை வண்டியில் ஏற்றிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

அவள் அழவில்லை. அழுதால் முகத்தில் தெரியும்; ஊர் சிறியது. புதன்கிழமைக்கு அழுகையை ஒத்திப்போட்டாள். காலியான படுக்கையில் விரிப்பை மாற்றி, தலையணையை நிமிர்த்தி, அறைக் கதவைச் சாத்தினாள். இருட்டினதும் கதவின் இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். வீடு அவ்வளவு பெரிது என்று அதற்குமுன் அவளுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் ஜெனீவா வந்துவிட்டாள். ஹால்வர்சனுக்காக இந்த ஊரில் தேர்தல் வேலை செய்பவர்களுக்கெல்லாம் தலைவி அவள். ஆர்டிஸுக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்து தோழி. கையில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டுச் சுட்ட பாத்திரம், துணி சுற்றிச் சூடாக இருந்தது.

"சர்ச்சுக்கு ஏன்டி வரல? பாஸ்டர் உன்னையே கேட்டுக்கிட்டு இருந்தாரு. கிழவன் எப்படி இருக்கான்?"

"அப்படியேதான்."

"சாப்பிடுறானா?"

"இல்ல."

ஜெனீவா அறைப்பக்கம் நடந்தாள். ஆர்டிஸ் எழுந்து குறுக்கே நின்றாள். "இப்பதான் கண்ண மூடினான்."

"சரி சரி, எழுப்பல." ஜெனீவா குரலைத் தாழ்த்தினாள். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. சாத்திய கதவுக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், "ஏய் வெர்லின்! செவ்வாய்க்கிழமை உன் மாட்டு டாக்டரம்மா மண்ணைக் கவ்வப் போறா, தெரியுமில்ல? அதுவரைக்கும் தாக்குப் பிடி. உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு நான் பாக்கணும்" என்றாள்.

கதவுக்குப் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை.

"பாரு, பதிலே சொல்ல மாட்டான். எங்கிட்ட எப்பவுமே இப்படித்தான்."

ஜெனீவா சிரித்தாள். ஆர்டிஸும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தன் தொண்டையிலிருந்து எப்படி வந்தது என்று பல இரவுகள் அவள் யோசித்தாள்.

செவ்வாய்க்கிழமை தனியாக வண்டியை ஓட்டிக்கொண்டு ஊர் மன்றத்துக்குப் போனாள். ஹால்வர்சனுக்கு ஓட்டுப் போட்டாள். முடித்தபின் அங்கேயே சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊர் எழுத்தர் லோரன் தபால் உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, சட்டப்படி பெயரை உரக்கப் படித்து, பிரித்துக்கொண்டிருந்தார். பால் லாரி ஓட்டுகிறவர்; எழுத்தர் வேலை அவருக்கு உபதொழில். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிவிட்டுக்கொண்டுதான் படிப்பார்.

"வெர்லின் குவாமி."

படித்துவிட்டு அவளைப் பார்த்தார். அறையில் இன்னும் நான்கைந்து பேர் இருந்தார்கள்.

"எப்படி இருக்காரு, ஆர்டிஸ்?"

"இப்ப வலி ஒண்ணும் இல்ல."

"அது போதும். கடவுள் புண்ணியம்."

லோரன் உறையைக் கிழித்தார். மடித்த சீட்டை வெளியே எடுத்து, படிக்காமல் மற்றத் தபால் சீட்டுகளோடு சேர்த்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கட்டு முழுவதும் ஒவ்வொன்றாக மெஷினுக்குள் போயிற்று. கடைசிச் சீட்டு உள்ளே இழுக்கப்படும் சத்தம் கேட்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு ஆர்டிஸ் எழுந்தாள். வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும், "வந்துடுச்சு" என்று பக்கத்து இருக்கையிடம் சொன்னாள்.

புதன்கிழமை ஊருக்குச் சொன்னாள். சனிக்கிழமை அடக்கம். சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஜெனீவாதான் சாப்பாடு ஏற்பாடு செய்தாள். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள், ஆர்டிஸின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அதற்குள் தொகுதி முழுதும் எண்ணி முடித்திருந்தார்கள். கிரெட்சன் பாவ்லக் பதினொரு ஓட்டு முன்னால் இருந்தாள். மூன்றரை லட்சம் ஓட்டில் பதினொன்று. ஹால்வர்சன் மறு எண்ணிக்கை கேட்டார். தொகுதியின் ஒவ்வொரு மாவட்டத்திலும் நீதிமன்றக் கட்டடத்தில் மேசை போட்டு, ஒவ்வொரு உறையையும் இரு கட்சி ஆட்களும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். தபால் ஓட்டில் மாட்டு டாக்டருக்குக் கூடுதல். அதனால் ஹால்வர்சன் ஆட்கள் எங்கே தபால் உறையில் குற்றம் கிடைக்கும் என்று பார்த்தார்கள். சாட்சி முகவரி எழுத மறந்த உறை, கையெழுத்து இல்லாத உறை.

ஜெனீவா திங்கட்கிழமை மத்தியானம் வந்தாள். கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள். ஆர்டிஸ் காபி ஊற்றினாள்.

"நம்ம ஊர் உறையெல்லாம் நாளைக்குப் பாக்கறாங்க. மேசையில நான்தான் உக்காரப் போறேன்."

"சரி."

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை வந்தேன்ல. வீட்டுக்குப் போய்ச் சேந்த அப்புறம்தான் என்னமோ உறுத்துச்சு. என்னன்னு தெரியல. அடக்கத்தன்னைக்கு ரொட்டி அறுக்கும்போது பிடிபட்டுச்சு." ஜெனீவா கோப்பையைத் தொடவில்லை. "அந்த மெஷின் ஓடலடி. ஆறு மாசமா இந்த வீட்டுக்குள்ள வந்தா அது இரைஞ்சுகிட்டே இருக்கும். அன்னைக்கு இல்ல."

ஆர்டிஸ் ஜன்னலைப் பார்த்தாள். அறுவடை முடிந்த சோளக் காட்டில் கட்டைகள் வரிசையாக நின்றன.

"அவன் எப்ப போனான், ஆர்டிஸ்?"

சுவர்க் கடிகாரம் ஓடியது. ஃபிரிட்ஜ் ஒரு முறை உறுமி அடங்கியது.

"நான் அவன் கதவுல நின்னு கிண்டல் பண்ணேன். அவன் உள்ள இல்லவே இல்ல, அப்படித்தானே? நீ பாத்துக்கிட்டு நின்ன. சிரிச்சடி நீ."

ஆர்டிஸ் தன் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"நீ நம்ம ஆளு. இருபது வருஷமா என்கூடக் கதவு தட்டுனவ. உன் வீட்டுக்கு வந்து உக்காந்த மனுஷன் பதினோரு ஓட்டுல போகப் போறாரு. 'புதன்கிழமை செத்தான்'னு ஒரு வார்த்தை சொல்லு, நான் எழுந்து போயிடறேன். மறுபடி கேக்கமாட்டேன்."

சொல்லியிருக்கலாம். ஜெனீவா நம்பியிருக்கமாட்டாள், ஆனால் எழுந்து போயிருப்பாள். ஆர்டிஸ் வாயைத் திறந்தாள். முகம் பார்த்துச் சொல்லும் பொய் வரவில்லை. இதுவரை எல்லாமே நிஜத்தின் பக்கத்தில் நின்ற வார்த்தைகள். அப்படியேதான் இருக்கான். கண்ண மூடினான். வலி இல்ல. அவை தீர்ந்துவிட்டன.

"பதில் சொல்லலன்னா நம்ம ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்கே தெரியும்" என்று ஜெனீவா எழுந்தாள். காபி ஏடு படிந்து அப்படியே இருந்தது.

மறுநாள் ஆர்டிஸ் நீதிமன்றக் கட்டடத்துக்குப் போனாள். பொதுமக்கள் உட்காரப் போட்டிருந்த நாற்காலிகளில் ஊர்க்காரர்கள் சிலர் இருந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்து நடைசட்டத்தோடு வந்திருந்த எம்மெட், அவளுக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "உக்காரும்மா. டிவியில ஒண்ணும் இல்ல, இங்க வந்துட்டேன்."

மறு எண்ணிக்கையை நடத்தும் வாரியத்தில் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவி வெர்லினின் உறையைத் தூக்கிக் காட்டியதும், ஜெனீவா மேசை முனையிலிருந்து கையை உயர்த்தினாள்.

"இந்த உறைக்கு ஆட்சேபம். ஓட்டுப் போட்டவர் தேர்தலுக்கு முன்னாலயே இறந்துட்டாரு."

நாற்காலிகளில் ஒரு அசைவு. தலைவி லோரனைக் கூப்பிட்டாள். லோரன் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

"உறையைப் பிரிச்சது நீங்கதானே? அவங்க குடும்பத்தோட பழக்கமும் உண்டு. இறந்தது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க."

"சின்ன ஊருங்க அது. எழுத்தருக்கே தெரியாதுன்னா எப்படி?" என்று கேட்டான் ஹால்வர்சன் தரப்பு வக்கீல், வெளியூரிலிருந்து வந்த இளவட்டம். "தெரிஞ்சே பிரிச்சாருன்னா, இவர் பிரிச்ச மத்த உறைகளையும் நாங்க சந்தேகப்பட வேண்டியிருக்கும்."

லோரன் காதுவரை சிவந்தார். "நான் கேட்டேங்க. எப்படி இருக்காருன்னு கேட்டேன். அவங்க..." அதற்குமேல் சொல்லவில்லை. அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவளைக் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று ஆர்டிஸுக்குப் புரிந்தது. அங்கேயே நின்று எல்லாவற்றையும் தன்மேல் வாங்கிக்கொள்வார்.

அவள் எழுந்தாள்.

"வெள்ளிக்கிழமை காலையில போயிட்டான். லோரனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நான் மறைச்சேன்."

தலைவி மெதுவாக, "ஏம்மா?" என்று கேட்டாள். விசாரணைக் கேள்வியாக அது ஒலிக்கவில்லை.

"எண்ணுவாங்கன்னு அவன்கிட்டச் சொல்லியிருந்தேன்."

தலைவி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழ்த்தளத்துப் பதிவு அலுவலகத்துக்குப் போன் போட்டுத் தேதியைச் சரிபார்த்தாள். "இதுக்கு மேல நடக்கிறதை அரசு வக்கீல் பாத்துக்குவாரு. இந்த உறை செல்லாது" என்றாள்.

அவ்வளவுதான் என்று ஆர்டிஸ் நினைத்தாள். வெர்லின் இரண்டாம் முறை செத்ததுபோல இருந்தது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. உறையில்தான் பெயர் இருந்தது, சீட்டில் இல்லை. சீட்டுகள் அன்றே ஒன்றோடொன்று கலந்துவிட்டன. இப்போது உறைகளைவிடச் சீட்டு ஒன்று அதிகம். எது செத்தவருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு இங்கே ஒரு வழக்கம் உண்டு. அந்த ஊரின் தபால் சீட்டுகளையெல்லாம் கலைத்து, கண்ணால் பார்க்காமல் கையை விட்டு ஒன்றை உருவி எடுத்து, அதை எண்ணாமல் ஒதுக்கிவிடுவார்கள். யாருடையது வருகிறதோ அவருடைய ஓட்டு போய்விடும்.

ஆர்டிஸ் இத்தனை தேர்தல் வேலை பார்த்தும் இப்படி ஒன்று நடந்து கண்டதில்லை.

எம்மெட் குனிந்து அவள் காதருகே கேட்டார். "அப்ப என்னோடதும் அந்தக் கட்டுலதான் இருக்கு, இல்ல? நானும் தபால்லதான் போட்டேன்."

"ஆமா."

"அவர் செத்ததுக்கு என்னோடது போகுமா?"

"போகலாம்."

எம்மெட் நடைசட்டத்தின் பிடியை இறுக்கினார். அவளிடமிருந்து கொஞ்சம் விலகி உட்கார்ந்தார்.

மேசையில் ஜெனீவாவின் முகம் வெளுத்திருந்தது. ஆட்சேபம் சொல்லும்போது இதை அவள் யோசித்திருக்கவில்லை. முதியோர் இல்லத்தில் கிடக்கும் அவள் அம்மாவின் சீட்டும் அதே கட்டில்தான் இருந்தது. ஜெனீவாவே கூட உட்கார்ந்து போட வைத்தது.

சீட்டுகளை மேசைமேல் பரப்பிக் கலைத்தார்கள். ஒரு அட்டைப் பெட்டியில் போட்டார்கள். தலைவி எழுந்து நின்று, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையை உள்ளே விட்டாள். காகிதம் உரசும் சத்தம் கேட்டது. அவள் அவசரப்படவில்லை. அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் அந்தக் கை தன்மேல் ஊர்வதுபோல அசையாமல் இருந்தார்கள்.

ஆர்டிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். யாருக்காக வேண்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தலைவி சீட்டை விரித்து, இரு தரப்புக்கும் காட்டி, படித்தாள். "வாஷிங்டன் சபைக்கு: ஹால்வர்சன்."

அதை ஒரு தனி உறையில் போட்டு ஒட்டினார்கள். ஹால்வர்சனின் கணக்கில் ஒன்று குறைந்தது. வெளியூர் வக்கீல் பேனாவை மேசைமேல் விட்டெறிந்தான்.

ஆர்டிஸ் கண்ணைத் திறந்தாள். போனது ஹால்வர்சனுக்குப் போட்ட ஓட்டு. அப்படியானால் கீழ் வட்டம் நிரப்பிய அந்தச் சீட்டு, அவள் கையும் அவர் கையும் சேர்ந்து நிரப்பிய சீட்டு, இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. இதோ எண்ணப் போகிறார்கள். நெஞ்சுக்குள் ஏதோ விரிந்தது. இத்தனை நாளும் அழாதவளுக்கு அங்கே, எல்லார் முன்னாலும், கண் நிறைந்தது. பார்த்தவர்கள் வெட்கத்தில் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த வாரக் கடைசியில், மற்ற இடங்களிலும் சில ஓட்டுகள் கழிந்தபின், கிரெட்சன் பாவ்லக் ஒன்பது ஓட்டில் ஜெயித்தாள் என்று அறிவித்தார்கள். ஹால்வர்சன் அவளுக்குப் போன் செய்து வாழ்த்தினார். ஆனால் அன்று, எண்ணிக்கை இன்னும் நடந்துகொண்டிருந்தபோதே, ஆர்டிஸ் வெளியே வந்துவிட்டாள். படிக்கட்டில் காற்று முகத்தில் அறைந்தது. பின்னாலேயே ஜெனீவா வந்தாள், கோட்டுப் பொத்தானைப் போடாமல்.

"அது எங்கம்மாவோடதா இருக்கலாம்."

"இருக்கலாம்."

"தொண்ணூறு தாண்டின கிழவி. இதுதான் கடைசின்னு சொல்லிச் சொல்லிப் போட்டா. பேனாவைக் கீழ வைக்கவே மனசில்ல அவளுக்கு." ஜெனீவாவுக்கு மூச்சு வாங்கியது. "எம்மெட்டோடதா இருக்கலாம். யாரோடதுன்னு இனிமே ஒருத்தருக்கும் தெரியாது. ஊர்ல ஒவ்வொருத்தனும் உன்னைப் பாக்கிறப்பல்லாம் என்னோடதா, என்னோடதான்னு நெனைப்பான். உனக்குப் புரியுதா?"

"புரியுது."

"உன் மூஞ்சியை நான் பாத்தேன்டி, அந்த அம்மா பேரைப் படிச்சப்போ. மத்தவங்க கவனிக்கல. நான் கவனிச்சேன்." அவள் ஒரு படி இறங்கி ஆர்டிஸுக்கு நேர் எதிரே நின்றாள். "சந்தோஷமாடி உனக்கு?"

சாலையில் ஒரு லாரி போயிற்று. ஆர்டிஸ் இந்தத் தடவை வார்த்தை தேடவில்லை.

"ஆமா" என்றாள்.

ஜெனீவா அவளைத் தாண்டிப் படியேறி, எண்ணும் அறைக்கே திரும்பிப் போனாள்.